சிநேகிதிக்கு எப்படி இருக்கிறது?

அன்புள்ள மகளுக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்பாய், நானும் "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். போன மூன்று ஞாயிறும் அப்படித்தான் போனது. பேசினால் தானே எழுத்தாகிற மாதிரி அத்தை மகன் என் போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறான், ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் ஒற்றை விரலால் அடிக்கிறேன், நேற்று ராத்திரி ஆரம்பித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை இல்லை. கிணற்றடி முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, வெட்டி ஊன்றியிருக்கிறேன். சபையில் கன்வென்ஷன் முடிந்தது. மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகிறது, பாப்பா பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா? நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

அத்தை சொன்னாள், நீ போன மாதம் வேலூர் வந்திருந்தாயாம். சிநேகிதிக்குத் துணையாக, இரண்டு நாள். நல்ல காரியம்தான், ஆஸ்பத்திரிக்குத் துணை போவது லேசான காரியம் இல்லை. சிநேகிதி யார், என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் காட்பாடியில் இறங்கி இரண்டு நாள் இருந்தவள் அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அத்தைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அத்தையிடமும் அவள் கேட்டதால்தான் சொன்னாயாம். கோபமாக எழுதவில்லை. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? நீ யாரிடமும் கை நீட்டாமல் படித்தவள், நம் குடும்பத்தில் முதல் முதலாகச் சம்பளச் சீட்டு வாங்கியவள், முதல் மாதச் சம்பளத்தில் எனக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கி அனுப்பியவள். அந்த வேதாகமத்தைத்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன். அதை வாங்கிக் கொடுத்த பிள்ளை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அதைத் திறக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

வேலூர் என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும், ஞாயிறு பள்ளியில் நான் அடிக்கடி சொல்லும் கதை. ஐடா ஸ்கடர் அம்மா கதை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வருகிறாள். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள், மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து பார் என்று. நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறாள். ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மாட்டோம் என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். அப்புறம் அவள் திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூர் வந்து, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்குகிறாள். தேவன் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவார் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் முடிப்பேன். இருபது வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். நீ முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பாய்.

அத்தை வேலூர் என்று சொன்ன அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அந்த அம்மா என் கண்ணில் நிற்கவில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அந்த மூன்று வீட்டுக்காரர்கள்தான் நின்றார்கள். அவர்களும் பக்தி உள்ளவர்கள்தான், அவரவர் வழக்கத்தை மீறக் கூடாது என்று நினைத்தவர்கள். பெண்டாட்டி மேல் பாசம் இல்லாமலா அர்த்த ராத்திரியில் ஓடி வந்தார்கள்?

மகளே, நான் சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். உன் சிநேகிதிக்கு இதைச் சொல், பயப்பட வேண்டாம் என்று சொல். ராத்திரி பட்டினியாகப் படுக்க வேண்டாம் என்றும் சொல். ஜெபம் ஒரு மனுஷனை எப்படித் தூக்கி நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். 1988இல் நான் எப்படி இருந்தேன் என்று நீ பார்க்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு போவேன், திரும்பி வரும்போது பையில் காசு இருக்காது, வாயில் நாற்றம் இருக்கும். உன் அம்மாவின் கம்மல் போனது அந்த வருஷம்தான். ஒரு ராத்திரி கூட்டத்தில் முழங்கால் போட்டவன், அன்றோடு விட்டேன். ஒன்பது நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிந்தது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பத்தாம் நாள் எழுந்து லாரிச் சாவியைக் கையில் எடுத்தேன். இன்றுவரை தொடவில்லை. நம்மைத் தேற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை, நான் சாகிறவரைக்கும் இதைச் சொல்வேன்.

இந்தச் சாட்சியை நூறு தடவை சொல்லியிருப்பேன். மருந்தே இல்லாமல் சுகமானேன் என்று. ஆனால் அந்த ஒன்பது ராத்திரியும் உன் அம்மா தூங்கவில்லை. சுக்கைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை என் தலையைத் தூக்கிக் குடிக்க வைத்தாள். நான் கத்தினால் வாயைப் பொத்துவாள், நடுங்கினால் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு சாட்சியில்கூட அவளை நான் சொன்னது கிடையாது. கர்த்தர் செய்தார் என்று சொன்னேன். அவர் அவள் கையை வைத்துத்தான் செய்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா தனக்குக் கட்டி இருக்கிறது என்று என்னிடம் சொன்னது 2010இல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில். உனக்கு டிசம்பரில்தான் தெரியும், கிறிஸ்துமஸ் லீவில் வந்து நீதான் பார்த்தாய், நீதான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். அம்மா மறைத்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவள் மறைக்கவில்லை. "நாசரேத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துரட்டுமா" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல். லூக்கா பெயரில் இருக்கிற அந்த மிஷன் ஆஸ்பத்திரியில்தான் உன்னையே பெற்றாள், பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம்.

நான் வேதாகமத்தை எடுத்து ஆசா ராஜாவின் கதையை வாசித்தேன். இரண்டாம் நாளாகமம் பதினாறாம் அதிகாரம். காலில் வியாதி வந்தபோது அவன் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று இருக்கிறதே, அது. அவள் கேட்டுவிட்டு "சரி" என்றாள். அப்புறம் கேட்கவே இல்லை. அந்தச் சரியை நான் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன், சபையில் எழுந்து நின்று என் மனைவியின் விசுவாசத்தைப் பாருங்கள் என்றுகூடச் சொன்னேன். சபையில் மருந்து எடுக்காதவர்கள் உண்டு, உனக்குத் தெரியும், ஆனால் அவளைப் போகாதே என்று ஊழியர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஒன்பது மாதம். ஒன்பது ராத்திரி அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள், நான் ஒன்பது மாதம் அவளைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதாவிட்டால் இவ்வளவு எழுதியும் பொய்யாகிவிடும். 2019இல் எனக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்தது, வாயு என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான் முழங்கால் போடவில்லை. எண்ணெய் பூசி ஜெபிக்க ஊழியரைக் கூப்பிடவில்லை. தெருமுனை வரை ஓடி ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினேன். பிரஷர், சர்க்கரை இரண்டும் இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று. அம்மாவின் கருப்பட்டி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது அதைப் பரண் மேல் ஏற்றிவிடுவேன். அவளுக்கு ஒரு பஸ் டிக்கெட் கொடுக்காதவன் ஆட்டோவுக்கு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு விசுவாசம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இப்போதுதான் ஒழுங்காக வாசிக்கிறேன் என்று தோன்றுகிறது. எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான், கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார், இது ஏசாயா முப்பத்தெட்டாம் அதிகாரம், நான் பிரசங்கமே பண்ணியிருக்கிறேன். அதே அதிகாரத்தின் கடைசியில் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப் போடச் சொல்கிறார் ஏசாயா. தீர்க்கதரிசிதான் சொல்கிறார். அந்த வசனத்தை வாசித்துவிட்டு எப்போதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பவுல் மூன்று தடவை வேண்டியும் அவர் உடம்பில் இருந்த முள் எடுபடவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. பவுலுக்குக் கிடைத்த பதிலை நான் உன் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டது பஸ்ஸில் போய்வர அனுமதி.

நீ சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாய் என்று மாப்பிள்ளை ஒரு தடவை வாய்தவறிச் சொன்னார். அதற்காகவும் உன்னைத் திட்டியிருக்கிறேன். அது ஏன் என்று இந்த வாரம்தான் யோசித்தேன். நீ என்னிடம் சொல்லாமல் வேலூர் போனதும் ஏன் என்று யோசித்தேன். சொன்னால் அப்பா ஆசா ராஜாவை வாசிப்பார் என்று பயந்திருப்பாய். வாசிக்க மாட்டேன்மா.

உன் சிநேகிதிக்கு மறுபடி எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்? தேதியை மட்டும் எனக்குச் சொல். பணம் என்றால் பாங்கில் என் பென்ஷன் கிடக்கிறது, அதில் நான் கை வைக்கவே இல்லை. நான் நேராகக் காட்பாடிக்கு வந்துவிடுகிறேன், நீ பெங்களூரிலிருந்து வா. டோக்கன் போட்டு வரிசையில் நிற்க, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, பிளாஸ்கில் காப்பி வாங்கி வர ஒரு ஆள் வேண்டாமா? உள்ளே வரச் சொன்னால் வருகிறேன், வெளியே இருக்கச் சொன்னால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெபிக்கத்தான் செய்வேன், அதை விட எனக்குத் தெரியாது, ஆனால் மனதுக்குள் ஜெபிப்பேன். சத்தமாக வேண்டும் என்று நீயாகக் கேட்டால் மட்டும் சத்தமாக.

சுக்கு தட்டி வைத்திருக்கிறேன். கருப்பட்டி டப்பாவைக் காலி பண்ணிக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், அதில் போட்டுக் கொண்டுவருகிறேன். மாத்திரைகள் இப்போது ஜன்னல் மேல் இருக்கின்றன.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்பா