பந்தயக் காட்சிக்கும் விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கார் பந்தயப் படத்தின் விமர்சனத்தைப் படித்தேன். கதை பழசு, அப்பா–மகன் பாசம் ஒட்டவில்லை, நாயகிக்கு வேலையே இல்லை என்று விமர்சகர் எழுதியதெல்லாம் சரி. ஆனால் பாதிப் படத்துக்கு மேல் ஓடும் பந்தயத்துக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி: ‘ரேஸ் காட்சிகள் விறுவிறுப்பு.’ கச்சேரிக்குப் போய்வந்தவர் மேடை அலங்காரத்தைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, பாட்டும் நன்றாக இருந்தது என்று முடிப்பது போல இருக்கிறது.

அந்த விறுவிறுப்பும் எனக்குத் தட்டுப்படவில்லை. முதல் பந்தயத்தில் நாயகனின் கார் முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா என்றே புரியவில்லை. கண், ஸ்டீயரிங், டயர், கூட்டம், மறுபடியும் கண் என்று வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கடைசிச் சுற்றில் நாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றி, ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துகிறார். கார் பாய்ந்து முந்துகிறது. அப்படியானால் அதுவரை பாதிதான் மிதித்துக்கொண்டிருந்தாரா? நேர்ப்பாதையில் எல்லோருமே முழுக்க மிதித்துத்தான் ஓட்டுவார்கள். வளைவுக்கு முன் யார் பிரேக்கைத் தாமதமாகத் தொடுகிறார், யார் முன்னதாக வேகமெடுத்து வெளியே வருகிறார் என்பதில்தான் முந்துவதே இருக்கிறது. விமர்சகர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

1968இல் வந்த ‘புல்லிட்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் துரத்தல். எதிராளியின் காரை ஓட்டுபவர் நிதானமாக சீட் பெல்ட் மாட்டுகிறார். டயர் கிறீச்சிட்டுக் கார் சீறியதும் பின்னணி இசை நின்றுவிடுகிறது. அப்புறம் இன்ஜின் சத்தம்தான். அதிலும் பிழை உண்டு, ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள். ஆனாலும் எந்தக் கார் எங்கே இருக்கிறது என்ற குழப்பம் நமக்கு வருவதில்லை. அந்தப் படத்தின் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

1971இல் ‘லெ மான்’ என்ற கார் பந்தயப் படம் வந்தபோது கதையே இல்லை என்றார்கள். உண்மைதான். அரை மணி நேரத்துக்கு மேல் நாயகன் வாயே திறப்பதில்லை, படமும் ஓடவில்லை. ஆனால் பிரான்ஸின் லெ மான் நகரில் 1970ஆம் ஆண்டு நடந்த 24 மணி நேரப் பந்தயத்திலேயே கேமரா பொருத்திய போர்ஷே 908 காரை இறக்கி, பிலிம் சுருள் மாற்றுவதற்காக அவ்வப்போது நிறுத்தி ஓட்டி எடுத்த காட்சிகள் அதில் இருக்கின்றன. பந்தய ரசிகர்கள் இன்றும் அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பது அதற்காகத்தான்.

விமர்சனம் கடுமையாக இருந்தால் ரசிகர்கள் உடனே வசூல் கணக்கோடு வந்துவிடுகிறார்கள். வசூலை வைத்து ஒரு காட்சியின் தரத்தைச் சொல்ல முடியாது. அதற்கு விமர்சகர்தான் வேண்டும். உண்மையான கார் எவ்வளவு, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எவ்வளவு, ஸ்டீயரிங்கைப் பிடித்த ஸ்டன்ட் கலைஞர்கள் யார் என்று அவர் சொல்ல வேண்டும். 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டன்ட் வடிவமைப்புக்கும் விருது தர ஆஸ்கர் அகாடமி முடிவெடுத்துவிட்டது. நம் விமர்சனங்களில் அந்தக் கலைஞர்களின் பெயர்கூட வருவதில்லை.

அடுத்த பந்தயப் படத்துக்காவது காட்சிகள் எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் கதைச்சுருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்