வண்டி ஆறுவதற்குள் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கேள்வி பதிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது, உடனே ஸ்டார்ட் ஆவதில்லை, அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வண்டி நல்லாத்தானே ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்: ஃப்யூவல் பம்பை மாற்றுங்கள், சரியாகவில்லை என்றால் இக்னிஷன் காயில், அதிலும் சரியாகவில்லை என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தது. வண்டிகளின் மின்சாரக் கோளாறு பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பதிலைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

இந்த மாதிரிக் கோளாறில் ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் முந்தியது. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கோளாறு இருக்கிறது. ஆறிக் கிளம்பிவிட்டால் அளந்தாலும் சரியாக இருக்கும், இசியுவைப் படிக்கும் ஸ்கேனர் போட்டாலும் சரியாக இருக்கும், எந்த மெக்கானிக்காலும் யூகிக்கத்தான் முடியும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் நடக்க வேண்டிய சோதனையில் பாதி ரோட்டோரத்தில் வண்டிக்காரர் கையில்தான் இருக்கிறது. இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் அவர் பதற்றத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி செல்ஃப் அடிக்கிறார், பேட்டரியும் இறங்கிவிடுகிறது.

முதலில் உயிர், அப்புறம்தான் இன்ஜின். ஓடும்போது ஆஃப் ஆனால் ஸ்டியரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு அழுத்தலுக்குத்தான் வரும், அதனால் பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை வெளியே உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிடுங்கள். இடம் ஆபத்தாக இருந்தால் கீழே நான் சொல்லும் எதையும் செய்ய வேண்டாம், ஆட்களை இறக்கிப் பாதுகாப்பாக நிற்க வைத்தால் போதும்.

சரி, பத்திரமான இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படி நின்றது என்பதை மறப்பதற்குள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பி ஆஃப் செய்தது போல் பட்டென்று நின்றதா, அல்லது இழுவை குறைந்து, குலுக்கிக் குலுக்கி, திணறி நின்றதா? பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம், திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகி, சாவியைத் திருப்பியதும் உடனே கிளம்புகிறது என்றால் அது வேறு கதை, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி, ஏர் லீக் என்று பார்க்க வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நின்ற நொடியில் மீட்டரில் விளக்குகள் எரிந்தனவா என்பதும் முக்கியம். இன்ஜின் நின்றதும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தால் மீட்டருக்குக் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். மீட்டர் மொத்தமும் செத்துப்போய்விட்டால் இக்னிஷன் ஸ்விட்ச், பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர் இவற்றின் மேல்தான் கண் போக வேண்டும். இக்னிஷன் ஸ்விட்சைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். ஓடும்போதே ஸ்விட்ச் தானாக நழுவி இன்ஜினை ஆஃப் செய்தது, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. அந்த நிறுவனத்தின் இழப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கப்பட்ட சாவுகள் மட்டும் 124. கனமான சாவிக்கொத்து தொங்கினாலே நழுவும் என்று அப்போது எச்சரித்தார்கள். கொத்தாகச் சாவி மாட்டி ஓட்டுபவர்கள் இன்றைக்கே கழற்றி வைத்துவிடலாம்.

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் இன்ஜினைச் சுற்றுவது நிமிடத்துக்கு 200, 300 சுற்றுதான், அதற்கே பல வண்டிகளில் முள் லேசாகத் துடித்து எழும். எழாமல் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தால் கிராங்க் சென்சார்மேல் பலத்த சந்தேகம். சில வண்டிகளில் நன்றாக இருக்கும்போதே அந்த முள் எழாது, அதனால் உங்கள் வண்டியில் எப்படி என்பதை இன்றைக்கே, ஸ்டார்ட் ஆகும் வண்டியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் சென்சார் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சூட்டில் நின்று ஆறினால் கிளம்பும் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுழலும் பல் சக்கரத்தைப் பார்த்து பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்வது இதன் வேலை. இந்தத் தகவல் வராவிட்டால் பல வண்டிகளில் இசியு ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. பழைய வகையில் உள்ளே இருப்பது முடி போன்ற கம்பியில் சுற்றிய காயில், அது இருப்பதோ இன்ஜின் பிளாக்கின் சூட்டில். கம்பியில் எங்காவது நுண்ணிய முறிவு இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும், ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுவிடுவதால் அந்த இடத்தில் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். ஓட்டி வந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்பார்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இதை நிரூபிக்க எளிய வழி உண்டு. வண்டி அடம்பிடிக்கும் நேரத்தில் சாவியை ஆஃப் செய்துவிட்டு, கை எட்டும் இடத்தில் இருந்தால், சென்சாரின் மேல் ஈரத் துணியைச் சுற்றி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டால் அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கலாம், கையை அங்கே கொண்டுபோகாதீர்கள், சைலன்சர் பைப் பக்கமும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் இதையே தலைகீழாகச் செய்யலாம், ஓடும் இன்ஜினில் சென்சாரை ஹாட் ஏர் கன்னால் பதமாகச் சூடாக்கி நிற்கிறதா என்று பார்ப்பது. ஆறிய சென்சாரை மல்டிமீட்டரில் ஓம் அளந்து இது நல்லா இருக்கு என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. காயிலுக்குப் பதில் காந்தத்தை உணரும் சிப் வைத்த, மூன்று ஒயர் வரும் ஹால் வகை சென்சாரை ஓம் வைத்துச் சோதிக்கவே முடியாது, சிக்னலைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பெட்ரோல் பக்கம். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும், செல்ஃப் அடிப்பதற்கு முன், பின்சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். டேங்கினுள் பம்ப் இரண்டு விநாடி ரீங்காரமிட்டு நிற்பது பெரும்பாலான வண்டிகளில் கேட்கும். கேட்கவில்லை என்றால் உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், ஃப்யூஸ், ரிலே, ஒயர், கப்ளர் எல்லாம் வழியில் இருக்கின்றன. பம்புக்குக் கரண்டை விடும் ஸ்விட்சான ரிலே உள்ளே சால்டர் விரிசல் விட்டால் அதுவும் சூட்டில் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். ஃப்யூஸ் பாக்ஸில் பம்ப் ரிலேயின் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. அதற்கும் சத்தம் வரவில்லை என்றால் ஒருவர் சாவியை ஆன் செய்ய, இன்னொருவர் டேங்கின் அடியில் கையால் நான்கு தட்டு தட்டலாம். தேய்ந்த கார்பன் பிரஷ் உள்ள பம்ப் அந்த அதிர்வில் சுற்ற ஆரம்பித்துவிடும், அப்படி ஆரம்பித்தால் பம்பின் ஆயுள் முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

சத்தம் வருவதாலேயே பம்ப் நல்லது என்றும் ஆகாது. மேனிஃபோல்டில் தெளிக்கும் சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம் வேண்டும், அதைக் கேஜ் வைத்து ஒர்க்‌ஷாப்பில்தான் அளக்க முடியும். ரோட்டோரத்தில் பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்க்கிற வேலை யாருக்கும் வேண்டாம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் தீதான். டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை. புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி கிளம்பினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம். எப்போதும் முள் கீழே கிடக்கும் அளவிலேயே பெட்ரோல் வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டேங்கினுள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் கிடையாது, அங்கே ஃபில்டரில் தண்ணீர், லைனில் காற்று, இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயிலின் அழுத்தம் என்று வேறு வரிசை. கிராங்க் சென்சார் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும். பெட்ரோலோ டீசலோ, செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான தடுமாற்றமே இல்லாமல் இன்ஜின் லேசாக, வேகமாகச் சுற்றினால் அடிப்பதை உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

இவ்வளவையும் ஞாபகம் வைத்துச் செய்யப் பலருக்கு முடியாது, அது எனக்கும் தெரியும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நின்ற இடத்திலேயே செல்போனை எடுத்து, சாவி ஆன் செய்வதிலிருந்து செல்ஃப் அடிக்கும் வரை மீட்டரை வீடியோ எடுத்துவிடுங்கள். முள் எழுந்ததா, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மினுக்கியதா, செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது என்பதெல்லாம் அதில் வந்துவிடும், அமைதியான இடமாக இருந்தால் பம்ப் சத்தம்கூட. எவ்வளவு நேரம் ஓட்டியபின் நின்றது, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, ஏசி ஓடியதா, மழையா என்று குரலிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அந்த அரை நிமிட வீடியோ கையில் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

மெக்கானிக் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஸ்கேனரில் எரர் கோட் (கோளாறைச் சொல்லும் எண்) வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று வாடிக்கையாளரை அனுப்பாதீர்கள். கிராங்க் சிக்னல் வராதபோது, இன்ஜினே நின்றுவிட்டது என்றுதான் சில இசியுக்கள் எடுத்துக்கொள்ளும், கிராங்க் சென்சார் கோளாறுக்கான பி0335 என்ற கோட் பதிவே ஆகாது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவைப் பதிவில் போட்டு, ஃப்யூவல் பிரஷர் கேஜையும் மாட்டிக்கொண்டு, நிற்கும் வரை ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குக் கூலி கேளுங்கள், நியாயம்தான். யூகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றி, எல்லாவற்றுக்கும் அவர் தலையில் பில் கட்டுவது நியாயமில்லை. பணம் போனதோடு முடிவதில்லை, சரி செய்தாகிவிட்டது என்று நம்பி அவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகிறார்.

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் ரீகால் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 2020ல் ஃப்யூவல் பம்பின் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் உப்பிப் போவதற்காக டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது, வேறு நிறுவனங்களும் பம்புக்காக அழைத்தன. இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குக் காசு கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

கடைசியாக அந்தப் பேட்டரி யோசனை. ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் இசியுவில் இருக்கும் எரர் கோட்களும், கோளாறு நடந்த நொடியில் வேகம், சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்று அது பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் அழிந்துவிடும். இருக்கிற ஒரே ஆதாரத்தை நாமே துடைத்துவிடுவதுதான் அது. டெர்மினல் தளர்வாக இருந்தால் இறுக்கலாம், வேறு எதற்காகவும் ஸ்கேனர் போடுவதற்கு முன் கழற்றக் கூடாது. என் கடிதத்தை முழுக்கப் போட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த வாரப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், அந்த வாசகர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்குள்.

இப்படிக்கு,
வாகன மின்பணி செய்யும் உங்கள் வாசகன்