கூகைக்குப் பகலிலும் கண் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கூகை என்கிற ஆந்தையைப் பற்றி வந்த கட்டுரையில், "பகலில் கண் தெரியாததால் பொந்துக்குள் பதுங்கிக் கிடக்கும்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எதையும் விசாரிக்காமல் அச்சேற்றுகிற பத்திரிகை உங்களுடையது அல்ல, அதனால்தான் இந்த வருத்தம்.

கூகைக்குப் பகலில் நன்றாகவே கண் தெரியும் ஐயா. பிரிட்டனில் குளிர்காலத்தில் பட்டப்பகலிலேயே புல்வெளிமேல் தாழப் பறந்து இரை தேடுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். நானும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு ஜோடி குடியிருந்தது. உச்சி வெயிலில் மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று, சத்தமே இல்லாமல் கையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவேன், அந்த வெள்ளை முகம் கூடவே திரும்பும். அது பகலில் வெளியே வராததற்குக் காரணம் காக்கைகள். தலையைக் காட்டினால் கூட்டமாகச் சேர்ந்து துரத்திக் கொத்தும், அதையும் அங்கேயே பார்த்தேன்.

கண்ணைப் பற்றித் தவறாக எழுதிய கட்டுரையில் காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூகையின் பெருமையே அதுதானே! இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. அதனால் ஒலி வலமா இடமா என்பதோடு மேலேயா கீழேயா என்பதும் அதற்குத் தெரிந்துவிடும். துளி வெளிச்சம் இல்லாத அறையில் காதை மட்டும் நம்பி எலியைப் பிடிக்கிறது என்று அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1971-லேயே ஆய்வு வெளியிட்டுவிட்டார். இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு முறை கூகை என்று தலைப்புப் போட்டு, தலையில் கொம்பு போல இறகு நிற்கிற வேறு ஆந்தையின் படத்தைப் போட்டீர்கள். இதய வடிவ முகத்தைப் பார்த்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடுமே. அப்போதும் எழுதினேன், அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை. அப்புறம் அந்த "அபூர்வ ஆந்தைக் குஞ்சுகள் பிடிபட்டன" செய்தி. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் கூகை இனம் இருக்கிறது, இதில் அபூர்வம் எங்கே வந்தது? படத்தில் ஒருவர் குஞ்சின் இறக்கையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார், அது வாயைத் திறந்து சீறிக்கொண்டிருந்தது. பயந்த குஞ்சு அப்படித்தான் சீறும். அதைப் போய் "ஆக்ரோஷமாக" என்று எழுதினீர்கள்.

அந்தக் குஞ்சுகளில் கடைசியானது ரொம்பச் சின்னது, நோஞ்சான், பிழைக்காது என்றும் அதே செய்தியில் இருந்தது. தாய் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு முட்டையாக இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும், அதனால் மூத்ததுக்கும் இளையதுக்கும் பல நாள் வித்தியாசம் இருப்பது இயல்பு. நான் பார்த்த கூட்டில் முதல் குஞ்சு இறகு முளைத்து நிற்கும்போது கடைசியானது பஞ்சு உருண்டையாகக் கிடந்தது. இரை நிறைய கிடைக்கும்போது மூத்த குஞ்சு தன் பங்கைத் தம்பி தங்கைக்குக் கொடுப்பதையும் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பறவையை யாரோ பிடித்து அட்டைப்பெட்டியில் போட்ட சங்கதிதான் உங்களுக்குச் செய்தியானது.

எல்லாவற்றையும்விட வேதனை, இந்தக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் தள்ளி எலித் தொல்லைக்கு விஷம் வைக்கச் சொல்லும் குறிப்பு. ரத்தம் உறையவிடாத அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, நாள் கணக்கில் தள்ளாடித் திரியும், கூகைக்குச் சுலபமாக மாட்டும். மருந்து எலியோடு போவதில்லை, தின்ற பறவையின் ஈரலில் போய்ச் சேர்கிறது. நான் சொன்ன ஜோடியில் ஒன்று சுவரோரம் விழுந்து கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, அலகோரம் மட்டும் உலர்ந்த ரத்தம். பக்கத்துக் கிடங்கில் அந்த வாரம்தான் மருந்து வைத்திருந்தார்கள். மிஞ்சியது ஒற்றையாக இரை கொண்டுவந்து பார்த்தது, முடியவில்லை, சின்னக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போயின. எலியைத் தின்று உதவுகிற பறவை என்று ஒரு பக்கத்தில் பாராட்டிவிட்டு, இன்னொரு பக்கத்தில் அதன் இரையில் நஞ்சு வைக்கச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இணைப்பில் "கூகைக்குப் பகலிலும் கண் தெரியும்" என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்த எலி மருந்துக் குறிப்பை மறுபடி போடும்போது, செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும், கூகை குடியிருக்கும் இடத்தில் மருந்து வைக்கக் கூடாது என்று சேர்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லை என்றால்கூடப் பரவாயில்லை, திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்