அம்மாவின் கடைசி மாதங்களில் துணை நின்ற உங்களுக்கு

அன்புள்ள டாக்டருக்கும், சிஸ்டர்களுக்கும், கதிர்வீச்சுப் பிரிவில் உள்ள எல்லோருக்கும்,

அம்மாவின் காரியங்கள் எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தபோதே அது இடுப்பெலும்பு வரை போயிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஓரிடத்தில் கைவிரித்த பிறகுதான் உங்களிடம் வந்தோம். உதிரப்போக்கு நிற்கவே இல்லை. வலியைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். வாடையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. யாராவது அறைக்குள் வந்தால் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொள்வார்.

டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்கள் அம்மாவிடமே நேராகப் பேசினீர்கள். "இந்தக் கதிர்வீச்சு நோயைக் குணப்படுத்தாதும்மா. ஆனா ரத்தப்போக்கை நிறுத்தப் பார்க்கலாம், வலியைக் குறைக்கலாம்" என்றீர்கள். பொய்யான நம்பிக்கை எதுவும் தரவில்லை. கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே என்றும், ஒரு நாளைக்கு 4 கிரே வீதம் 5 நாள், மொத்தம் 20 கிரே என்றும் கணக்கையும் சொன்னீர்கள். குணப்படுத்தும் நோக்கத்தில் கொடுப்பது வாரக்கணக்கில் நீளும் என்றும், அந்த அலைச்சல் அம்மாவுக்கு வேண்டாம் என்றும் விளக்கினீர்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வைங்க" என்றார்.

சிகிச்சை தொடங்கும் வரை ரத்தத்தை அடக்கி வைக்க, பிறப்புறுப்பின் உள்ளே துணிச்சுருளை வைத்து அழுத்திக் கட்டிய சிஸ்டருக்கு என்ன சொல்வது! திரையை இழுத்து மூடி, தேவையான இடத்தை மட்டும் விலக்கி, ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டீர்கள். வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் பயன்படுத்தும் வழியும் நீங்கள் காட்டியதுதான். ராத்திரியில் கூப்பிட்டதும் வந்து ரத்தம் கொடுத்தவர்களையும் மறக்க மாட்டோம்.

மெஷினை இயக்கிய தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. கதவை மூடும் முன், "அம்மா, உள்ள நீங்க தனியா இருந்தாலும் நான் கேமராவுல பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்று சொல்வீர்கள். ஒரு நாள்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. கதிர்வீச்சை எல்லோரும் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வதால் சுடும் என்று பயந்திருந்த அம்மா, முதல் நாளே வெளியே வந்து, "ஒண்ணுமே தெரியலை" என்றார். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வரலாமா என்று கேட்டதற்கு, வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, தாராளமாக மடியில் உட்காரலாம் என்று நீங்கள் சொன்னது எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி!

உதிரப்போக்கு சில நாட்களிலேயே குறைந்து, பிறகு நின்றது. இடுப்பு வலிக்கு 8 கிரே ஒரே தடவையில் கொடுத்தீர்கள். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், குறைய வாரக்கணக்கில் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், கூடியபோது நாங்கள் பதறவில்லை. வயிற்றுப்போக்கும் களைப்பும் கொஞ்ச நாள் படுத்தின. அப்புறம் மெல்ல வலி தணிந்தது. வலிக்குக் கொடுத்த மார்பின் மருந்தும் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. அம்மா எழுந்து அடுக்களை வரை நடந்தார். கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். போர்வை கட்டிலிலேயே கிடந்தது.

வலி நிவாரணப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்த அக்கா, மார்பினோடு மலமிளக்கியும் தவறாமல் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். கடைசி நாட்களில் நாங்கள் எந்நேரம் போன் செய்தாலும் எடுத்தீர்கள்.

அம்மா போனதில் எங்களுக்கு ஆறாத துக்கம்தான். ஆனால் அவர் கூசிக் குறுகிப் போகவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

மீதியிருக்கும் மார்பின் மாத்திரைகளை இந்த வாரம் உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். காற்றுப் படுக்கையும் சக்கர நாற்காலியும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படும் குடும்பம் எதுவென்று சிஸ்டர் சொன்னால், நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
அம்மாவின் பிள்ளைகள்