செஞ்ச வேலைய எடுத்து சொல்றது தற்பெருமை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

மார்ச் வந்தா, வருஷம் பூரா செஞ்ச வேலைய நாமளே எழுதி குடுக்குற அப்ரைசல் ஃபார்ம் ஆபீஸ்ல கைக்கு வந்துடும். நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பிரிவ பாத்துக்குறேன், எங்க பிள்ளைங்க நிரப்பி குடுக்குறத படிச்சா மனசுக்கு கஷ்டமா இருக்கு. வருஷம் பூரா உழைச்சுட்டு "கொடுத்த வேலையை சரியாக செய்தேன்"னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. ஏன்னு கேட்டா, நம்மளப்பத்தி நாமளே சொன்னா திமிருன்னு நினைப்பாங்க மேடம்ங்குறாங்க.

அவங்க வேலை லேசுப்பட்டது இல்லைங்க. மாசாமாசம் 14-ந் தேதி, நமக்கு சரக்கு குடுத்தவங்க ஜிஎஸ்டில ஏத்தின பில்லுங்களோட பட்டியல், ஜிஎஸ்டிஆர் 2பின்னு வரும், 20-ந் தேதிக்குள்ள 3பிங்குற எங்க மாசாந்திர வரிக்கணக்க போட்டாகணும், அதுக்குள்ள நூல்காரர், டையிங்காரர், அட்டைப்பெட்டிக்காரர்னு ஒவ்வொருத்தர் பில்லும் ஏறியிருக்கான்னு பாத்து, ஏத்தாதவங்கள போன் போட்டு விரட்டி அடுத்த மாசமாவது ஏத்த வெச்சு இன்புட் கிரெடிட்ட, அதாவது வாங்குறப்ப கட்டின வரிய நாம கட்டவேண்டிய வரில கழிச்சுக்குற சலுகைய, காப்பாத்துறாங்க. இதெல்லாம் எம்டிக்கு யாரு சொல்றது? பிரச்சனை வராத வரைக்கும் அது ஒரு வேலையாவே வெளிய தெரியாது.

"தான்தற் புகழ்தல் தகுதி அன்றே"ன்னு நன்னூல்ல சொன்ன பவணந்தி முனிவரே அடுத்த சூத்திரத்துல நாலு இடத்துல மட்டும் புலவன் தன்னை புகழ்ந்துக்கலாம்னு சொல்றாரு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவங்க நடுவுல, சபைல வாதாடி ஜெயிக்கவேண்டிய நேரத்துல, எதிராளி பழிச்சு பேசும்போது. அப்ரைசல் ஃபார்மும் மேலிடத்துக்கு போற ஓலைதான், படிக்கிறவருக்கும் நம்ம வேலை தெரியாது, அப்புறம் என்ன தயக்கம்?

"என்னாலதான் கம்பெனி ஓடுது"ன்னு எழுதினா யாருக்கும் எரிச்சல் வரும்தான். அதையே, விட்டுப்போன பில்லு போன வருஷம் இவ்ளோ, இந்த வருஷம் இவ்ளோ, பர்ச்சேஸ்காரங்களும் கூட நின்னாங்கன்னு கணக்கோட எழுதுங்க, ஒருத்தருக்கும் உறுத்தாது. கூட உழைச்சவங்க பேர மறைக்கிறப்பதான் அது திமிராகுது. ஜூன்ல பண்ணது மார்ச்ல ஞாபகம் வராது, மாசக்கடைசில ரெண்டு வரி டைரில குறிச்சு வைங்கன்னு எங்க பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டே இருக்கேன்.

மேனேஜருங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுதலைங்குறதுக்காக ரேட்டிங்க குறைச்சிடாதீங்க, கூப்பிட்டு கேளுங்க, முக்கியமா பொண்ணுங்கள, சின்னதுல இருந்து அடக்கமா இரு அடக்கமா இருன்னே கேட்டு வளந்தவங்க அவங்க. "இந்த வருஷம் நீ இல்லன்னா இங்க எது நின்னுபோயிருக்கும்"னு நான் கேக்குறேன், அதுவரைக்கும் தலைய குனிஞ்சு உக்காந்திருந்த பிள்ளைங்க அப்பதான் ஒண்ணொண்ணா சொல்ல ஆரம்பிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்