கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு

டர்பனில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை காலை நார்த் பீச் கடற்கரையில், வாராவாரம் யாரும் இலவசமாகக் கலந்துகொள்ளும் 5 கிலோமீட்டர் ஓட்டமான பார்க்ரன்னை முடித்துவிட்டோம். பதினொரு பேர் போனோம், பதினொரு பேரும் முடித்தோம். ஏப்ரல் மாதம் எங்களில் யாராலும் தெருமுனை வரை கூட சேர்ந்தாற்போல் ஓட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கே கையைப் பிடித்து நன்றி சொன்னோம்தான், ஆனாலும் அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் யாருக்கு என்ன சொன்னோம் என்றே நினைவில்லை, சிலருக்குச் சொல்லாமலே விட்டிருப்போம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று தெரியாதவர்களுக்காக: டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருப்போம். சமோசா வாங்கிச் சாப்பிடுவோம், போனைப் பார்ப்போம், பேசுவோம். பேச்சு எங்கே சுற்றினாலும் சர்க்கரையில் வந்து நிற்கும். அப்பாவுக்குக் காலில் புண், மாமாவுக்குக் கண், எனக்கு இப்போதுதான் எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்று. இந்த ஊர் இந்தியர் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழ்ப் புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மாஸ்டர், "எல்லாரும் கீழே இறங்குங்க, மைதானத்தை ஒரு சுற்று நடப்போம்" என்றார். அவ்வளவுதான் ஆரம்பம்.

மாஸ்டருக்குத்தான் முதல் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பலமுறை முடித்தவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், காம்ரேட்ஸ் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 1921இல் தொடங்கியது, ஒரு வருடம் மேல் நோக்கி, மறு வருடம் கீழ் நோக்கி. அப்படி ஓடியவருக்கு எங்கள் 5 கிலோமீட்டர் ஒரு பொருட்டாகவே இருந்திருக்கக் கூடாது. ஆனால் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பதினொரு பேருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்தக் கால் வலித்தது, யார் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பது வரை எழுதி வைத்தார்.

அவர் எடுத்துக்கொண்டது ஒன்பது வாரத் திட்டம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவை ஓட வைக்கப் போட்டது, இன்றைக்கு உலகம் முழுக்கப் புதிதாக ஓடுகிறவர்கள் பலர் அதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படியே இருபது நிமிடம். படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். முதல் நாள் அந்த 60 விநாடியில் எனக்கு நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. நான் மட்டும் இல்லை, எல்லாரும் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றோம். மாஸ்டர் விசிலை இறக்கிவிட்டு, "நீங்க ஓடலை, யாரோ துரத்துற மாதிரி பறக்கிறீங்க. பாதி வேகம் போதும்" என்றார்.

ஓடிக்கொண்டே பேச முடிந்தால் அது சரியான வேகம், மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் அதிகம். ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய கணக்கு அது. அவர் அதை எங்களுக்குக் கொண்டுவந்த விதம்தான் எங்களைக் காப்பாற்றியது. பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று ராத்திரி என்ன சமைத்தோம் என்று முழு வாக்கியத்தில் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும், வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கினால் நடை. அப்படித்தான் நான் சுகர் பீன்ஸ் கறிக்கு எப்போது உருளைக்கிழங்கு போட வேண்டும் என்று கற்றேன், மடும்பி கிழங்கைப் புளி ஊற்றி வைப்பது எப்படி என்று மைதானத்தின் நான்கு மூலையிலும் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டுச் சேப்பங்கிழங்கின் ருசி அதில் இருந்தது. இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் அக்கம்பக்கத்தாரோடு இவ்வளவு பேசியதே இல்லை.

நாலாவது வாரம் வந்ததும் நின்றுவிட்டோம். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், மறுபடி மூன்று, ஐந்து என்று ஓட வேண்டிய வாரம் அது. பாதிப் பேரால் முடியவில்லை. இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கே போய், தேநீர் குடித்துவிட்டு, ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "செவ்வாய்க்கிழமை பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வந்தாராம். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அந்த ஒரு வாரத்தை நாங்கள் மூன்று தடவை செய்தோம். இப்படி அங்கங்கே நின்று நின்று, ஒன்பது வாரம் என்பது பதிமூன்று வாரம் ஆனது. புத்தகத்தில் போட்டபடி முடிக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை, இதைப் படிக்கிற, ஆரம்பிக்க நினைக்கிற ஒருவருக்காவது சொல்லிவிட ஆசை.

அடுத்து பாபா. மைதானத்துக் காவலுக்கு இருக்கும் பெரியவர், ஜூலு மரியாதைப்படி நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். ஜூன் மாதம் டர்பனில் சூரியன் எழ ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள், செவ்வாயும் வியாழனும் விடியற்காலை ஐந்தரைக்கே ஓடியாக வேண்டும், அந்த இருட்டில் பெண்கள் தெருவில் ஓடுவதை இந்த ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பாபா ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் எங்களுக்காகக் கேட்டைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, கடைசி ஆள் காரில் ஏறும் வரை நின்றார். மின்சாரம் போன ஒரு காலையில் தன் கை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. தரையில் ஒரு வட்ட வெளிச்சம், அதை ஒவ்வொருவராகக் கடந்து போனோம், ஒவ்வொருவருக்கும் "ஹம்பா காஹ்லே" என்றார். நல்லபடி போய் வா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கிளம்பும்போது அம்மா சொல்லும் அதே வார்த்தைதான். பாபா, உங்களுக்கு இந்தக் கடிதத்தை என் மகள் ஜூலுவில் படித்துக் காட்டுவாள்.

எனக்கு ஆறாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் ஓரமாக வலி வந்தது. தொட்டால் சுருக்கென்றது. ஒரு கடையில் விலை அதிகமான ஷூவை, இதுதான் ஓடுவதற்கு என்று தலையில் கட்டிவிட்டார்கள், அது அரை அளவு சின்னது என்று பிறகுதான் புரிந்தது. வகுப்புக்கு வரும் ஒரு பையனின் அக்கா பிசியோதெரபி செய்கிறவர், என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்துக் காலை அமுக்கிப் பார்த்தார். ஷூவுக்குள் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும் என்று காட்டினார். ஒரு வாரம் ஓட்டம் இல்லை, நடை மட்டும், அதுவும் புல்லில். தினமும் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும், எட்டி எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பத்து நாளில் வலி போயிற்று. ஒரு ரேண்ட் கூட வாங்கவில்லை. தங்கச்சி, உன் கை நல்லா இருக்கணும்.

வீட்டில் இருந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கு அனுப்பிய கணவர்மாருக்கும் மாமியார்மாருக்கும் நன்றி. ஆடி மாதக் கோயில் கூழுக்கு உழைத்துக் களைத்த நேரத்திலும் எங்களுக்கென்று ஒரு பாத்திரம் எடுத்து வைத்த அக்காமாருக்கும். ஓடி முடித்து அந்தப் புளிச்ச கூழைக் குடித்தது தேவாமிர்தமாக இருந்தது.

அப்புறம், ஆயா. எங்கள் குழுவில் வயதில் பெரியவர், அறுபத்தேழு. அவர் எங்களுக்கு உதவினார் என்றால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிச் சட்டத்தில் வீட்டை இழந்து சிறு பிள்ளையாக சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பம். பயிற்சிக்கு ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை. போன சனிக்கிழமை கடற்கரையில் இறங்கியதும் அவர் நடக்காமல் நின்றுவிட்டார். கால் வலியோ என்று பயந்தேன். மணலைக் காட்டி, "சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பாவோட பஸ்ஸில இந்த வழியா போவோம். இங்க வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு பலகை இருக்கும். நமக்கு தள்ளி ஒரு துண்டு. நான் இந்த மணல்ல கால் வைக்கும்போது எனக்கு முப்பது வயசு தாண்டிடுச்சு" என்றார். 1989 வரைக்கும் இந்தக் கடற்கரைகள் அப்படித்தான் பிரிந்து கிடந்தன. நான் இந்தியாவிலிருந்து வந்தவள், பலகையைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவள். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. ஆயா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷூ நாடாவைச் சரி பார்த்துவிட்டு, "சரி, வா" என்றார்.

இங்கே பார்க்ரன் ஆட்களைச் சொல்ல வேண்டும். லண்டனில் 2004இல் பதின்மூன்று பேரோடு ஆரம்பித்த ஓட்டம், 2011இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தது. கொண்டுவந்தவர் காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். ஒவ்வொரு சனிக்கிழமையும், இலவசம். ஒரு தடவை பதிவு செய்து பார்கோடை அச்சடித்துக்கொண்டு போனால் போதும், முடிவில் கையில் ஒரு வில்லையைத் தருவார்கள், இரண்டையும் காட்டினால் நேரம் பதிவாகும். நடத்துகிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். இது பந்தயம் இல்லை என்று அவர்கள் சொல்வார்கள், எங்களுக்கு அது பந்தயம்தான். வரவேற்ற அம்மாவுக்கு, வில்லை கொடுத்த சின்னப் பையனுக்கு, பார்கோடு கசங்கிப்போய் வேலை செய்யாதபோது பொறுமையாக ஐந்து தடவை முயன்று எண்ணைக் கையால் எழுதிக்கொண்டவருக்கு நன்றி. மீன் தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டே எங்களுக்குக் கை தட்டிய மாமாக்களுக்கும்.

ஜூனில் மாஸ்டர் வீட்டில் காம்ரேட்ஸை டிவியில் நாள் முழுக்கப் பார்த்தோம். அங்கே 12 மணி நேரம் முடிந்ததும் ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கி வெடிப்பார், ஒரு விநாடி பிந்தினாலும் அடைத்துவிடுவார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி அதைப் பார்த்து அழுதுவிட்டாள், "நமக்கும் இப்படி அடைச்சா?" என்றாள். பார்க்ரன்னில் அப்படி இல்லை. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் நடக்கவென்றே ஒரு தன்னார்வலரை வைத்திருக்கிறார்கள், கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். போன சனிக்கிழமை அந்த வேலைக்கான அங்கியைப் போட்டிருந்த பெண்மணிக்கு எங்களை முன்பின் தெரியாது. ஆயாவோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலே நடந்தார். முந்தவே இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஆயா நின்று தண்ணீர் குடித்தால் இவரும் நின்றிருக்கிறார். நான் 44 நிமிடத்தில் முடித்துவிட்டுக் கோட்டருகில் காத்திருந்தேன். முடிவுக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவர் வேண்டுமென்றே நின்று, ஆயாவின் முதுகில் மெல்லக் கையை வைத்து முன்னால் போகச் சொன்னார். ஆயா கோட்டைத் தாண்டி வில்லையைக் கையில் வாங்கினார். அப்புறம்தான் அவர் காலை வைத்தார்.

உங்கள் பெயரை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியாது, தமிழ் தெரிந்த யாராவது உங்களுக்குச் சொன்னால் நல்லது. ஆயா அந்த வில்லையைத் திருப்பிக் கொடுக்க மனசே இல்லாமல் கொடுத்தார்.

தமிழ் வகுப்பு வாசலில் அடுத்த குழு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் புது நோட்டு வாங்கிவிட்டார், கேட்டைத் திறப்பதாக பாபா சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை நார்த் பீச்சில் கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்கும் வேலைக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த அங்கியை எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.