இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேரனுக்கு நீயே கதை படித்துக் காட்டுகிறாய் என்று எழுதியிருந்தது மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு.

பதில் தாமதமானதற்கு உன் கடைசிப் பத்திதான் காரணம். "66 வயதில் வயிற்றை வெட்டித்தான் எடையைக் குறைக்க வேண்டுமா? இருக்கிற காலத்தை நிம்மதியாகக் கழிக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபமில்லை. ஒரு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. சுருக்கமாகச் சொல்ல வராது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

என் எடை 98 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு 40-ஐத் தாண்டிவிட்டது. சர்க்கரை வந்து 14 வருடம், இன்சுலின் போட ஆரம்பித்து மூன்று வருடம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி எதுவும் படவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. மகள் வீடு திரும்பும்வரை முக்கால் மணி நேரம் ஈரத் தரையிலேயே இருந்தேன். நீ சொல்கிற நிம்மதி அன்றோடு போய்விட்டது.

மூட்டு டாக்டர், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் மூட்டு மாற்றலாம் என்கிறார். சர்க்கரை டாக்டர், எடை குறைய தினமும் நடங்கள் என்கிறார். நடக்க மூட்டு விடுவதில்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையுமாம். அப்படியென்றால் 20 கிலோ குறைந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடாத நாள் இல்லை.

எடை குறைக்கும் ஊசி போடலாமே என்று உன் மருமகள் சொன்னதாக எழுதியிருந்தாய். போட்டுப் பார்த்தேன். செமாக்ளூடைட், எட்டு மாதம். சர்க்கரை இல்லாதவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது ஒன்றேகால் வருடத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்திருக்கிறது. பலருக்கு நன்றாக வேலை செய்கிற மருந்துதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அளவைக் கூட்டும்போதெல்லாம் வாந்தி. ஆறு கிலோ குறைந்தது, நிறுத்தியதும் திரும்பி வந்துவிட்டது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் போன எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். இரண்டு வகை சொன்னார்கள். ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதில் இணைப்பார்கள். சர்க்கரைக்குப் பைபாஸ்தான் கொஞ்சம் வலுவானது. ஆனால் 14 வருடச் சர்க்கரை, அதுவும் இன்சுலின் போடும் நிலையில், முழுதாக விலகும் என்று எதிர்பார்க்காதீர்கள், இன்சுலின் அளவு குறையும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆசை காட்டாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு காலத்தில் 60 தாண்டியவர்களைப் பல இடங்களில் இதற்கு எடுத்துக்கொள்ளவே மாட்டார்களாம். 2022-இல் எடை குறைப்பு ஆபரேஷன் துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் மேல் வயது வரம்பு கிடையாது. வயதைவிட உடம்பின் தளர்ச்சியைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். முதல் மாதத்தில் உயிர் போவது பொதுவாக ஆயிரத்தில் ஓரிருவருக்கு. நம் வயதில் அது கூடுதல், ஆனாலும் நூற்றில் ஒன்றுக்குக் கீழேதான். தையல் கசிவு, காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறுவது, பின்னால் பித்தப்பைக் கல் என்று மற்றவையும் இருக்கின்றன. இவற்றை நான் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

ஆயுள் கூடுமா என்றும் தேடிப் படித்தேன். சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேர், செய்துகொள்ளாத அதே மாதிரி ஆட்களைவிட ஏறக்குறைய 3 வருடம் அதிகம் வாழ்ந்தார்கள் என்று 2020-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் சேர்ந்தபோது அவர்களுக்கு வயது 37 முதல் 60 வரை. அதனால் அந்த 3 வருடத்தை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் தரையில் விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும் உடம்பு.

என்னைத் தூங்கவிடாத பயமும் அங்கேதான் இருக்கிறது. வேகமாக எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து போகிறது. இளம் வயதில் அதைத் திரும்பச் சேர்த்துவிடலாம், 66-இல் அது லேசில்லை. எலும்பும் அப்படியே. இரண்டு ஆபரேஷனிலும் எலும்பின் அடர்த்தி குறையும், பைபாஸில் அதிகம், அதில் எலும்பு முறிவும் கூடுகிறது. மாதவிடாய் நின்று 15 வருடமான நமக்கு எலும்பு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் எனக்கு ஏற்கெனவே தேய்மானம் தொடங்கியிருக்கிறது. முப்பது கிலோ குறைந்த பிறகும் நாற்காலியிலிருந்து எழ ஆள் வேண்டும், விழுந்தால் இடுப்பு முறியும் என்றால் நான் எதற்காக இவ்வளவு பாடு படுகிறேன்?

இதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆறு மாதம் தசையை வலுவாக்குங்கள், வைட்டமின் டி அளவை ஏற்றுங்கள், அப்புறம் தேதி குறிக்கலாம் என்றார். உணவுக் கட்டுப்பாட்டோடு நடைப்பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் நடமாட்டம் அதிகம் தேறியது என்று, 65 வயது தாண்டிய பருமனானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வந்திருக்கிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிஸ்டிடம் போகிறேன். முட்டி வலிக்காதபடி உட்கார்ந்தே காலில் எடை கட்டித் தூக்குவது, ரப்பர் பட்டை இழுப்பது.

பைபாஸ் வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம் வலி மாத்திரை. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு ஆயுசுக்கும் கூடாது, இணைப்பில் புண் வரும். முட்டி வலிக்காகப் பத்து வருடமாக அதை விழுங்குகிறவள் நான். ஸ்லீவில் அவ்வளவு கெடுபிடி இல்லை. அதில் நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், ஏற்கெனவே இருந்தால் மோசமாகலாம் என்கிறார்கள். எண்டோஸ்கோபியில் எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே செய்தால் ஸ்லீவ்தான்.

செய்த பிறகு சாகும்வரை ஒரு ஒழுங்கு வேண்டும், அதையும் மறைக்கவில்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி தினமும். வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனை. கொஞ்சமே கொள்ளும் வயிற்றில் நாளுக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் வைட்டமின் பி1 குறைந்து மூளையே பாதிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆபரேஷனைவிட இதுதான் பெரிய வேலை என்று தோன்றுகிறது. 75 வயதில் மறதி வந்தால் யார் நினைவுபடுத்துவார்கள் என்று மகளிடம் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் மருந்துப் பட்டியல் முழுவதையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் திரவ உணவுதான், மனம் சோர்ந்துபோகும் என்கிறார்கள். அப்போது வந்து என்னோடு இருப்பாயா? நீ எதுவும் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். முடியாவிட்டால் தயங்காமல் சொல், வருத்தப்பட மாட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சோதனை வைக்கிறார். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. நம் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போகக் கூடாதாம். முதல் நாள் எனக்கு 5. நேற்று 8. 11 வந்த அன்றுதான் தேதி கேட்பதாக இருக்கிறேன். வந்ததும் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டேன், உனக்குத்தான் முதலில் போன் செய்வேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி